லைன்ல ஆள் இருக்காங்க

இரவு பன்னிரண்டு மணி இருக்கும். நான்கு வழிச் சாலையிலிருந்து பிரிந்து, மலைக்குப் பின்பக்கமாகப் போகும் பழைய சாலை. புதுச் சாலை வந்த பிறகு லாரிக்காரர்கள்கூட அதை மறந்துவிட்டார்கள். விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கும்... ஒன்றும் எரியாது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. அந்தச் சாலையில் ஒரே ஒரு கார். காருக்குள் ஒரே ஓர் ஆள். பக்கத்து இருக்கையில் ஒரு மடிக்கணினிப் பை, ஒரு பிளாஸ்க்.

அந்த ஆள் என் தோழியின் அண்ணன்.

இவ்வளவு சொன்னதுமே, நாங்கள் குண்டூசி என்று கூப்பிடும் அடுத்த அறைத் தோழி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். பெண்கள் விடுதியின் மாடி அறை. மின்சாரம் போய் வெகு நேரமாகியிருந்தது. தரையில் ஒரு கைபேசியின் விளக்கு, அதன் மேல் ஒரு தண்ணீர் பாட்டில், சுற்றிலும் நாங்கள்.

"பேய்க் கதைன்னா நான் என் ரூமுக்குப் போறேன்டி" என்றாள்.

"தாராளமா போ. வராண்டா லைட்டும் எரியல" என்றேன்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். நான் தொடர்ந்தேன்.

அண்ணன் வேலை பார்த்தது ஒரு சாலை நிறுவனத்தில். சுங்கச்சாவடிகள், ரோந்து வண்டிகள், அவசர உதவிக்கான தொலைபேசி அறைகள், எல்லாம் அவர்களுடையவை. எல்லா இடத்திலும் கணினிகள். அவற்றில் ஓடிக்கொண்டிருந்த ஆபரேட்டிங் சிஸ்டம் பழசாகிவிட்டது. அதைச் செய்த கம்பெனியே இனி எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவிவிட்டது. ஆகவே, ஒவ்வொரு கணினியிலும் பழையதைத் துடைத்துப் புதியதை ஏற்ற வேண்டும். ஒரு கணினியில் ஏற்ற யாராலும் முடியும். ஆயிரக்கணக்கான கணினிகளில், ஒரு சாவடியும் நிற்காமல், ஒரு வண்டியும் காத்திருக்காமல் ஏற்றுவதுதான் பாடு. ஓடுகிற பஸ்ஸில் டிரைவரை மாற்றுகிற வேலை என்பார் அண்ணன்.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு கணினியை எடுத்து, எல்லாவற்றையும் பதமாக அமைத்து, அதற்குள் இருப்பதை அப்படியே ஒரு நகலாக அச்சு எடுத்துக்கொள்வது. பிறகு தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே அந்த அச்சை நெட்வொர்க் வழியாக மற்றக் கணினிகளுக்குள் இறக்குவது. முதலில் தங்கள் அறைக் கணினிகள்... கெட்டால் நம்மோடு போகட்டும். பிறகு ஒரு சாவடி. பிறகு ஒரு வட்டாரம். வேலையின் நடுவே திடீரென்று திரையைப் பிடுங்கினால் ஆட்கள் அடிக்க வருவார்கள் அல்லவா? அதனால் முன்கூட்டியே திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். புதிய சிஸ்டம் தயார். இப்போதா, பிறகா என்று கேட்கும். 'பிறகு' என்று அழுத்தினால் விட்டுவிட்டு, மறுநாள் மறுபடி வந்து கேட்கும்.

மழைக்காலம் தொடங்கும் முன்பே ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணனின் திரையில் வரிசை வரிசையாகப் பச்சை. ஒன்றே ஒன்று மஞ்சள். பழைய சாலையில் இருந்த அவசர உதவி அறையின் கணினி. பக்கத்தில் ஒரு வரி: பயனர் 'பிறகு' என்று அழுத்தியிருக்கிறார்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.

வேடிக்கை என்னவென்றால், பகலில் அந்தக் கணினி நெட்வொர்க்கிலேயே இருக்காது. இரவில்தான் வரும். அண்ணன் கட்டாயப்படுத்தி ஏற்றிப் பார்த்தார். பாதியில் நின்று, பழையபடி எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"யாரோ வாட்ச்மேன் படம் பாத்துட்டிருக்கான்பா" என்றார் மேனேஜர். "அந்த எடத்த மூடி எவ்வளவு காலமாச்சு. நேர்ல போய் ஏத்திட்டு வா. அந்த ஒரு ஓட்டை வழியா எவனாச்சும் உள்ள பூந்தான்னா மொத்த ரோடும் நின்னுடும். அப்புறம் உன் தலையும் இல்ல, என் தலையும் இல்ல."

அதற்காகத்தான் அண்ணன் அந்த நேரத்தில் அந்தச் சாலையில் போனார்.

இரும்புக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. காவலாளியின் நாற்காலி காலி. கட்டடம் முழுக்க இருட்டு. கோடியில் ஒரு ஜன்னலில் மட்டும் கணினித் திரையின் நீல வெளிச்சம். நடைபாதையில் ஈரக் காகிதத்தின் நாற்றம். தன் செருப்புச் சத்தமே பின்னால் யாரோ வருவதுபோல் கேட்டது என்று பிறகு சொன்னார்.

அறைக்குள் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கம்பளிச் சட்டை, காதில் ஹெட்செட், வாயருகே மைக்கைப் பிடித்த ஒரு கை.

"மேடம், ஹெட் ஆபீஸ்ல இருந்து வர்றேன். சிஸ்டம் மாத்தணும்."

அவர் திரும்பவில்லை. இன்னொரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்... பொறு என்று.

"ஆமா செல்லம், இங்கதான் இருக்கேன்" என்றார் மைக்கில். "எங்கயும் போகல. நீ சொல்லு."

பிறகு மைக்கைப் பொத்திக்கொண்டு, தணிந்த குரலில் அண்ணனிடம் சொன்னார்: "லைன்ல ஆள் இருக்காங்க சார்."

அவசர அழைப்பு. அதன் நடுவில் குறுக்கிடக் கூடாது. அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூடிய அறைக்கு எப்படி அழைப்பு வருகிறது என்று ஒரு கணம் தோன்றியதாம். ஆபீஸ் தகவல் என்றைக்குச் சரியாக இருந்திருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டார். பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றி நீட்டினார். அந்த அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார்.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். கலர் பெயர்களைக் கேட்டார். ஒரு முயல் கதையைப் பாதி சொல்லி நிறுத்தி, மீதியை நீ சொல்லு என்றார். ஹெட்செட்டின் பஞ்சு வழியாக ஏதோ சின்னச் சத்தம் கசிந்தது... கொசுவின் ரீங்காரம் அளவுக்கு.

திரையில் பெட்டி வந்தது. இப்போதா, பிறகா? அந்த அம்மாவின் கை, பார்க்காமலேயே, 'பிறகு' என்பதை அழுத்தியது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. அண்ணனுக்குப் பொறுமை போயிற்று.

"மேடம், கால் கட்டாகாது. உங்க எக்ஸ்டென்ஷன என் போனுக்குத் திருப்பி விட்டுடறேன். நீங்க என் போன்ல பேசிட்டிருங்க. புது சிஸ்டம் ஏறினதும் திரும்ப இங்கயே வந்துடும்."

அந்த அம்மா அப்போதுதான் முதன்முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தார். தூக்கமே அறியாத கண்கள்.

"நீங்க எடுப்பீங்களா?"

"எடுக்கறேன் மேடம்."

"நடுவுல வெச்சிட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"வெச்சிடக் கூடாது சார்" என்றார். ஹெட்செட்டைக் கழற்றி, சத்தமே வராமல் மேசையில் வைத்தார்.

அண்ணன் அழைப்பைத் தன் எண்ணுக்குத் திருப்பினார். புது சிஸ்டம் இருந்த பென்டிரைவைச் சொருகினார். பெட்டியில் 'இப்போது' என்பதை அழுத்தினார். திரை அணைந்தது. அறை முழுக்கக் கும்மிருட்டு.

அவருடைய கைபேசி அடித்தது.

எடுத்தார். "இந்தாங்க மேடம், பேசுங்க" என்று நாற்காலிப் பக்கம் நீட்டினார். யாரும் வாங்கவில்லை. கைபேசி வெளிச்சத்தைத் திருப்பினார்...

நாற்காலிக்கு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. உறை மேல் புழுதி. உட்கார்ந்த தடம் இல்லை. தொட்ட தடம்கூட இல்லை.

அண்ணனுக்கு எழுந்து ஓடத் தோன்றியது. கையில் நீட்டியபடியே இருந்த கைபேசியிலிருந்து ஒரு குரல்.

"அக்கா?... அக்கா, ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

குழந்தையின் குரல். பையனா, பெண்ணா என்று சொல்ல முடியாத வயது. அந்தக் குரலின் நடுக்கம்தான் அவரைப் பேச வைத்தது.

"அக்கா... வெளிய போயிருக்காங்க" என்றார். "நான் மாமா பேசறேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "கார் விழுந்துடுச்சு மாமா. அம்மா தூங்கறாங்க. இருட்டா இருக்கு."

எங்கே இருக்கிறாய் என்றால் தெரியாது என்றது. காரில் எங்கே போனீர்கள் என்றால் தெரியாது என்றது. வைத்துவிடாதீர்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது. ஜன்னலில் வெளுப்பு விழும்வரை பேசிக்கொண்டிருந்தார். முதல் காக்கை கத்தியதும் அழைப்பு தானாக நின்றது.

காலையில் குடையோடு வந்த காவலாளி, அண்ணனைப் பார்த்து இரண்டு அடி பின்னால் போனார்.

"இந்த ரூம்ல எப்படி சார் ராத்திரி பூரா உக்காந்திருந்தீங்க? கரண்ட்டே இல்லையே. இந்தப் பக்கம் மெயினையே புடுங்கி வருஷக்கணக்காச்சு."

அலுவலகத்துக்குத் திரும்பியபோது திரையில் அந்த மஞ்சளும் பச்சையாகியிருந்தது. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அண்ணன் நேராகத் தொலைபேசிப் பிரிவுக்குப் போனார். அந்த எக்ஸ்டென்ஷனைத் தன் எண்ணுக்குத் திருப்பிவிட்டதை நீக்கச் சொன்னார். அங்கே வேலை பார்த்த பையன் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அப்படி ஒரு எக்ஸ்டென்ஷனே இல்ல சார். இல்லாதத நான் எங்கேருந்து எடுக்கறது?"

தலைமை அலுவலகத்து அவசர உதவி அறையில் ஒரு மூத்த ஆபரேட்டர் அம்மா இருந்தார். ஒரு காலத்தில் பழைய சாலையில் வேலை பார்த்தவர். அண்ணன் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அவ போயி எத்தனையோ வருஷமாச்சு தம்பி" என்றார். "ஒரு மழை நாள் ராத்திரி அவளுக்கு ஒரு குழந்தைகிட்டேருந்து கால் வந்துச்சு. கார் விழுந்துடுச்சுன்னு. ரோந்து வண்டி எல்லாம் போச்சு. ரோடு பூரா சல்லடை போட்டுத் தேடினாங்க. ஒரு தடுப்புக் கம்பிகூட வளையல. ஒரு கண்ணாடித் துண்டு இல்ல. எவனோ விளையாடியிருக்கான்னு சொல்லி, ராத்திரி பூரா லைன அடைச்சு வெச்சதுக்கு இவளுக்குத்தான் திட்டு. ஆனா அடுத்த நாளும் கால் வந்துச்சு. இவளுக்கு மட்டும்தான் வரும். லீவு நாள்லகூட வந்து உக்காருவா. என்னடி இதுன்னு கேட்டா, 'நான் எடுக்கணும்க்கா, இல்லேன்னா சரி வராது'ம்பா. ஒரு நாள் காலையில நான்தான் டூட்டி மாத்தப் போனேன்..."

அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "ஹெட்செட் அப்படியே இருந்துச்சு. உடம்பு மட்டும் சில்லுனு."

அன்று இரவும் அண்ணனின் கைபேசி அடித்தது.

"நம்பர மாத்திட வேண்டியதுதானே?" என்று எங்கள் நடுவே இருந்த நர்ஸ் கேட்டாள். சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

மாற்றினார். புது எண்ணிலும் வந்தது. அணைத்து வைத்தார். அணைத்த கைபேசியும் அடித்தது. எடுத்துப் பேசினால் பாவமாக இருந்தது... அதுதான் கொடுமை. பயமுறுத்துகிற குரலாக இருந்தால் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பார். "மாமா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும். "அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்கும். இரவெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து கிசுகிசுவென்று பேசுகிற புருஷனை எந்தப் பெண்டாட்டி பொறுத்துக்கொள்வாள்? ஒரு நாள் அண்ணி வந்து எதிரே நின்றார்.

"யாருங்க அவ?"

அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டார். அண்ணி கேட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர். ரொம்பத் தைரியசாலி என்று சொல்ல முடியாது. கரப்பான்பூச்சிக்கே கட்டிலில் ஏறுகிறவர். அவர் முதலில் செய்தது, கைபேசியைப் பிடுங்கித் துணியில் சுற்றி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டியதுதான்.

"போதும். நீங்க பாதி ஆளாயிட்டீங்க. இன்னிக்குத் தூங்குங்க."

அன்று இரவு பீரோவுக்குள் அது அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு நின்றுவிட்டது. அப்பாடா என்று தூங்கினார்கள்.

காலையில் அலுவலகத்தில் பேச்சாக இருந்தது. பழைய சாலையில் ஒரு வேன் கவிழ்ந்துவிட்டது. டிரைவர் மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்துவிட்டார். சாகும்முன் ரோந்துக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, நடுரோட்டில் ஒரு குழந்தை நின்றது, அதற்காகத்தான் வண்டியை ஒடித்தேன் என்றாராம். தேடிப் பார்த்தார்கள். குழந்தை எதுவும் இல்லை.

அண்ணன் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். அண்ணி பீரோவைத் திறந்து கைபேசியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதன்பிறகு ஒரு நாளும் எடுக்காமல் விடவில்லை. ஆனால் எத்தனை நாள் இப்படி ஓட்டுவது? கார் எங்கோ கிடக்கிறது. கண்டுபிடித்து எடுத்துவிட்டால், பாவம், அந்தப் பிள்ளைக்கும் ஒரு முடிவு வரும் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் கேட்டபோதெல்லாம் தெரியாது என்றுதான் பதில் வந்தது. அண்ணிக்குப் பிள்ளைகளிடம் கேட்கத் தெரியும்.

"கண்ண மூடிக்கோ" என்றார். "டீச்சர் கேக்கறதுக்கு மெதுவா யோசிச்சு சொல்லணும். என்ன சத்தம் கேக்குது?"

"தண்ணி."

"ஓடற தண்ணியா, நிக்கற தண்ணியா?"

"நிக்கற தண்ணி."

"எங்க இருக்கு? உன் காலுக்குக் கீழயா?"

"இல்ல டீச்சர். மேல."

அண்ணி அண்ணனைப் பார்த்தார். குரலை ஆட விடவில்லை.

"வேற என்ன சத்தம்?"

"பகல்ல 'டம்'னு கேக்கும். எல்லாம் குலுங்கும். அப்ப மீனெல்லாம் ஓடிடும். அப்புறம் திரும்ப வந்துடும்."

பாறைக்கு வெடி வைக்கிற சத்தம். அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. பழைய சாலையின் பெரிய வளைவைத் தாண்டினால் கல்குவாரி. ஒரு பக்கம் இன்னும் வேலை நடக்கிறது. மறுபக்கம் தோண்டி விட்ட பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி, கறுப்பாக, ஆழம் தெரியாமல் கிடக்கும். அந்த வளைவிலிருந்து பள்ளத்துக்கு, ஒரு காலத்தில் லாரிகள் இறங்கிய மண் பாதை ஒன்று போகும். அதில் இறங்கியிருந்தால் எந்தத் தடுப்புக் கம்பி வளையும்?

போலீசிடம் என்ன சொல்வது? குழந்தை போன் பண்ணிச் சொன்னது என்றா? கம்பெனிக் கணினிகளைச் சோதித்தபோது ரோந்து வண்டி எடுத்த பழைய படம் ஒன்று கிடைத்தது, அதில் குவாரிப் பள்ளத்தை நோக்கி டயர்த் தடம் தெரிந்தது என்று அண்ணன் ஒரு பொய்யைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் அரை மனதோடு ஒத்துக்கொண்டார். கம்பெனியின் விபத்து மீட்பு வண்டியை ஓட்டும் கிரேன்காரர் அண்ணனுக்கு வேண்டியவர். முங்கு நீச்சல் தெரிந்த ஓர் ஆளையும் கூட்டி வந்தார்.

பட்டப்பகல். சுள்ளென்று வெயில். நீச்சல்காரர் மூன்றாவது முறை முங்கி எழுந்து, வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, கட்டைவிரலைக் கீழே காட்டினார். இருக்கிறது.

கிரேன் முனகிக்கொண்டே இழுத்தது. முதலில் பாசி வந்தது. பிறகு ஒரு சக்கரம். பிறகு முழுக் கார். எல்லாக் கண்ணாடிகளும் ஏற்றியிருந்தன. கதவிடுக்குகளிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. அந்த நாற்றத்துக்கு இன்ஸ்பெக்டரே கைக்குட்டையை எடுத்தார்.

ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண். பெண் என்பது சேலையை வைத்துத்தான் தெரிந்தது. பெல்ட் போட்டபடி இருந்தாள்.

அண்ணி பின் இருக்கையைத்தான் பார்த்தார். குனிந்து, கீழே, இருக்கைக்கு அடியில், எங்கும் பார்த்தார். கண்ணாடி உடையவில்லை. கதவு நான்கும் பூட்டியிருந்தன.

பின்னால் ஒன்றும் இல்லை. ஒரு சின்னச் செருப்புகூட இல்லை.

காரின் எண்ணை வைத்து உறவைக் கண்டுபிடித்தார்கள். மறுநாள் இறந்தவளின் கூடப்பிறந்த அண்ணன் வந்தார். எத்தனையோ வருடம் தேடி ஓய்ந்துபோன மனிதர். அழக்கூடத் தெம்பில்லாமல் போலீஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அண்ணி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணே... குழந்தை? குழந்தையத் தேடணுமே. அந்தக் குட்டையிலதான் இருக்கும்."

"எந்தக் குழந்தைம்மா?"

"உங்க தங்கச்சியோட..."

அவர் அண்ணியை விளங்காமல் பார்த்தார்.

"தங்கச்சிக்குக் கல்யாணமே ஆகலம்மா. அன்னிக்கு அவ தனியாத்தான் கெளம்பினா."

இந்த இடத்தில் குண்டூசி போர்வையை விலக்கி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று இரவு அண்ணனும் அண்ணியும் கைபேசியை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடித்தது. அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டார்.

எப்போதும் அந்தக் குரலுக்குப் பின்னால் தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஓர் அமுங்கிய இரைச்சல் இருக்கும். அன்று அது இல்லை. காற்றுச் சத்தம் கேட்டது. தூரத்தில் ஏதோ லாரியின் ஹாரன்.

"மாமா... அம்மாவத் தூக்கிட்டுப் போயிட்டீங்களா?"

அண்ணன் கைபேசியருகே குனிந்தார்.

"அக்காவையும் அனுப்பிட்டீங்க. அம்மாவையும் தூக்கிட்டீங்க. இனிமே நான் யாரோட இருக்கறது?"

அழவில்லை. நடுங்கவில்லை. அந்தக் குரலில் நடுக்கம் இல்லாமல் அவர்கள் கேட்டது அன்றைக்குத்தான்.

"வெச்சிடாத கண்ணு" என்றார் அண்ணி அவசரமாக. "டீச்சர் இருக்கேன். முயல் கதை சொல்றேன். கேளு... ஒரு ஊர்ல..."

"வேணாம் டீச்சர்" என்றது. "நான் மேல வந்துட்டேன்."

அழைப்பு நின்றது. விடியும்முன்பே, முதன்முறையாக, அதுவே வைத்துவிட்டது. மறுநாள் அடிக்கவில்லை. அதன்பிறகு அடிக்கவே இல்லை.

அன்று விடியும்வரை இரண்டு பேரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. பால்காரர் மணி அடித்தபோது அண்ணி சொன்னார்:

"அந்த ஆபரேட்டர் அம்மா அதுக்குத் துணையா உக்காந்திருக்கலங்க. செத்த பிறகும் அதப் பிடிச்சு வெச்சிட்டு உக்காந்திருந்தாங்க. நாமதான் அவிழ்த்து விட்டுட்டோம்."

அண்ணன் மேனேஜரிடம் போய் அந்தச் சாலையை மூடச் சொன்னார். காரணம் கேட்டார் மேனேஜர். சொன்னார். "நீ கொஞ்ச நாள் லீவு எடுப்பா" என்று பதில் வந்தது. அண்ணன் சாலையின் இரண்டு முனையிலும் தானே தடுப்புகளை வைத்துவிட்டு வந்தார். மறுநாளே எடுத்துவிட்டார்கள். பிறகு அவர் செய்த காரியத்தைப் பார்த்து அலுவலகமே சிரித்தது. ஆயிரக்கணக்கான கணினிகளைக் கட்டி மேய்த்த மனிதர், அவசர உதவி அறையில் இரவு டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆபரேட்டராக உட்கார்ந்தார். சம்பளம் குறைந்தது. அண்ணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டயர் பஞ்சர், பெட்ரோல் தீர்ந்தது, மாடு குறுக்கே வந்தது... அந்தக் குரல் மறுபடி வந்தால் தன் காதில்தான் விழ வேண்டும் என்று, வருகிற அழைப்பையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்தார். இன்றைக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

போன மழையில் ஒரு நாள், நல்ல நடுராத்திரி. ஒரு பெண்ணின் குரல். இளம் வயது. வைப்பர் தேய்க்கும் சத்தம் பின்னால் கேட்டது.

"சார், பழைய ரோட்டுல வந்துட்டிருக்கேன். வளைவுகிட்ட ஒரு குழந்தை தனியா நின்னுட்டிருந்துச்சு சார், தொப்பலா நனைஞ்சு. வண்டியில ஏத்திக்கிட்டேன். எங்க கொண்டுவந்து விடணும்?"

அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அம்மா, வண்டிய நிறுத்துங்க. உடனே நிறுத்திட்டு எறங்குங்க. பின்னால பாக்காதீங்க..."

"ஐயோ, அதுக்கு அடி ஒண்ணும் படல சார். நல்லாத்தான் உக்காந்திருக்கு" என்று அந்தப் பெண் சிரித்தாள். "இங்க பாருங்க கூத்த... ஏறி உக்காந்ததுல இருந்து என்னை அம்மான்னு கூப்பிடுது."